துணைவேந்தர் எப்படி எம்.பி. ஆகிறார்? ஜி. எல். பீரிஸும் தேசியப் பட்டியலும்

இலங்கையில் பொதுத் தேர்தல் முடிந்த மறுநாள் பத்திரிகையை விரித்தால் மாவட்டம் மாவட்டமாகப் பெயர்கள் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் கட்சி, அதற்குப் பக்கத்தில் விருப்பு வாக்கு, அதாவது கட்சிக்குள் அந்த ஆளுக்கென்றே விழுந்த வாக்கு. யாழ்ப்பாணத்தில் யார் முதலாவது, கண்டியில் யார் கடைசியாகத் தப்பிப் பிழைத்தார் என்று அந்த எண்களை வைத்துத்தான் தேநீர்க் கடையில் ஒரு வாரம் பேச்சு ஓடும். அது ஓயும்போது இன்னொரு பட்டியல் வரும். அதில் 29 பெயர்கள். மாவட்டம் கிடையாது, எண்ணும் கிடையாது. ஆனால் அவர்களும் எம்.பி.க்கள்தான். அதே சபை, அதே சம்பளம், அதே வாக்குரிமை. அமைச்சராகலாம், பிரதமராகலாம்.

பேராசிரியர் ஜி. எல். பீரிஸ் 1994-ல் இந்த எண் இல்லாத பட்டியல் வழியாகத்தான் பாராளுமன்றத்துக்குள் வந்தார். அதற்கு முன் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். வந்த பிறகு, நடுவில் ஓர் இடைவெளி தவிர, ஏறத்தாழ 25 ஆண்டுகள் சபையில் இருந்தார். நீதி அமைச்சர், சமாதானப் பேச்சில் அரசின் தலைமைப் பிரதிநிதி, வெளிவிவகார அமைச்சர், கல்வி அமைச்சர் என்று அவர் வகித்த பதவிகளை அடுக்கினால் ஒரு நாட்டின் முப்பது ஆண்டுச் சரித்திரத்தில் பாதி வந்துவிடும். ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்காத ஒருவருக்கு இது எப்படி முடிந்தது? தேசியப் பட்டியல் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள இவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் துணைவேந்தர் என்ற பதவி. வேந்தர் என்பவர் பட்டமளிப்பு விழாவுக்கு அங்கி போட்டுக்கொண்டு வந்து போகிறவர். பல்கலைக்கழகத்தை நடத்துகிறவர் துணைவேந்தர். இலங்கையில் 1978-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டப்படி, பல்கலைக்கழகப் பேரவை மூன்று பெயர்களைச் சிபாரிசு செய்யும். அதில் ஒருவரை ஜனாதிபதி மூன்று ஆண்டுகளுக்கு நியமிப்பார். அதாவது பதவிக்கு வரும்போதே அரசியலின் வாசற்படியை மிதித்துத்தான் வர வேண்டும். பணத்துக்கு அமைச்சிடம் போக வேண்டும். மாணவர் சங்கத்தோடு பேச வேண்டும், ஊழியர் சங்கத்தோடு பேச வேண்டும், பேராசிரியர்களின் குழுச்சண்டையைத் தீர்க்க வேண்டும். எனவே துணைவேந்தர் ஒருவர் அரசியலுக்குப் போனால் ‘பாவம், புத்தகப் பூச்சி, சூது வாது தெரியாதவர்’ என்று இரக்கப்படத் தேவையில்லை. அவருக்குப் பயிற்சி ஏற்கெனவே ஆகியிருக்கும்.

அதுவும் 1980-களின் கடைசியில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் இரண்டாவது ஆயுதக் கிளர்ச்சிக் காலம் அது. தெற்கில் பல்கலைக்கழகங்கள் மாதக்கணக்காக மூடிக் கிடந்தன. மாணவர்கள் காணாமல் போனார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான பேராசிரியர் ஸ்டான்லி விஜேசுந்தர 1989 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். பீரிஸ் துணைவேந்தராக இருந்தது அந்த இருண்ட ஆண்டுகளிலும், அதற்குப் பிறகு பல்கலைக்கழகம் மெல்ல மூச்சுவிட்ட காலத்திலும்தான்.

அவர் 1946-ல் பிறந்தவர். கல்கிசை சென். தோமஸ் கல்லூரியில் படித்து, ரோட்ஸ் புலமைப்பரிசிலில் ஆக்ஸ்போர்டுக்குப் போய் 1971-ல் அங்கே முனைவர் பட்டம் வாங்கினார். 1974-ல் கொழும்பில் இன்னொரு முனைவர் பட்டம். சட்டப் பேராசிரியர், பீடாதிபதி, பிறகு துணைவேந்தர். இலங்கைக் குற்றவியல் சட்டம், சாட்சியச் சட்டம் பற்றியெல்லாம் எழுதியவர். ஒரு சட்ட அறிஞரின் வழக்கமான ஏணிதான். 1994-ல்தான் அந்த ஏணி வேறு சுவரில் சாய்ந்தது.

சரி, இப்போது தேசியப் பட்டியல்.

இலங்கைப் பாராளுமன்றத்தில் 225 பேர். இதில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். மீதி 29 ஆசனங்களுக்கு நாடே ஒரு மாவட்டம் மாதிரி. 1988-ல் செய்த 14-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இதைக் கொண்டுவந்தது. 1989 தேர்தலில் முதல்முறை நடைமுறைக்கு வந்தது. வாக்காளர் இதற்கென்று தனியாக ஒரு வாக்குப் போடுவதில்லை. மாவட்டத்தில் கட்சிக்குப் போட்ட அதே புள்ளடியை நாடு முழுவதும் கூட்டி, அந்த விகிதப்படி 29-ஐப் பங்கு போடுவார்கள். அவ்வளவுதான் சூத்திரம்.

1994 ஆகஸ்ட் தேர்தலையே எடுத்துப் பார்க்கலாம். சந்திரிகா குமாரதுங்கவின் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 49 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. 29-ல் அந்த விகிதம் 14-க்கு மேலே துளி. ஆக 14 ஆசனம். ஐக்கிய தேசியக் கட்சிக்கு 44 சதவீதம். கணக்குப் பார்த்தால் 12 முழு ஆசனமும் முக்கால் ஆசனமும் வரும். முஸ்லிம் காங்கிரஸுக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் ஆளுக்கு அரை ஆசனம் அளவில் வரும். முழு எண்களைக் கொடுத்து முடித்த பிறகு மூன்று ஆசனங்கள் மிஞ்சின. மிச்சப் பின்னம் யாருக்குப் பெரிதோ அவருக்கு முதலில் என்பது விதி. எனவே ஐக்கிய தேசியக் கட்சி 13, முஸ்லிம் காங்கிரஸ் 1, கூட்டணி 1. மொத்தம் 29. மாவட்ட ஆசனம் பெற ஒரு கட்சி அந்த மாவட்டத்தில் 5 சதவீதம் தாண்ட வேண்டும். தேசியப் பட்டியலுக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. இதனால்தான் 2 சதவீதம்கூட எடுக்காத கூட்டணிக்கும் ஓர் இடம் கிடைத்தது. அந்த ஒற்றை இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது பெரிய விஷயமாகும்.

ஆட்கள் யார்? வேட்புமனுக் காலத்திலேயே ஒவ்வொரு கட்சியும் தன் பட்டியலைத் தேர்தல் அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும். அது அரசிதழான வர்த்தமானியில் வரும், மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் வரும். வாக்காளர் அதைப் பார்த்துவிட்டு வாக்களிக்கலாம் என்பது நினைப்பு. நான் கேட்டவரை, தேசியப் பட்டியலைப் பார்த்துக் கட்சியை மாற்றிக்கொண்ட ஒரு வாக்காளரும் அகப்படவில்லை.

இந்த யோசனையின் நல்ல பக்கம் எளிதில் புரியும். விகிதாசாரமும் விருப்பு வாக்கும் சேர்ந்த தேர்தலில், ஒரு வேட்பாளர் தன் சொந்தக் கட்சிக்காரரோடும் மோத வேண்டும். மாவட்டம் முழுக்கச் சுவரொட்டி, வாகனம், ஆள்பலம் வேண்டும். ஒரு சட்டப் பேராசிரியருக்கோ இருதய மருத்துவருக்கோ இது கட்டுப்படியாகாது. சிதறி வாழும் சிறுபான்மையினருக்கும் எந்த ஒரு மாவட்டத்திலும் எண்ணிக்கை சேராது. அவர்களுக்காக ஒரு பக்க வாசல்.

இந்தப் பக்க வாசல் இலங்கையில் புதிதும் இல்லை. 1947-ல் சுதந்திரத்துக்குச் சற்று முன் அமைந்த பிரதிநிதிகள் சபையில் 101 பேர். அதில் 95 பேர் தேர்தலில் வந்தவர்கள், 6 பேர் நியமிக்கப்பட்டவர்கள். மேலே செனட் சபை ஒன்றும் இருந்தது. அங்கே 30 பேரில் 15 பேர் நியமனம். அன்றைய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரான முதல் இலங்கையர், மருத்துவர் சேர் நிக்கலஸ் ஆட்டிகல, 1950-களில் அந்தச் செனட்டின் தலைவராகவும் இருந்தார். துணைவேந்தர் நாற்காலி காலையில், செனட் நாற்காலி மாலையில் என்று வைத்துக்கொள்ளலாம். 1965-ல் தமிழரசுக் கட்சி டட்லி சேனநாயக்கவின் அரசில் சேர்ந்தபோது, உள்ளூராட்சி அமைச்சரான மு. திருச்செல்வமும் செனட் வழியாக வந்தவர்தான். 1971-ல் செனட்டை மூடினார்கள். 1977-ல் தேர்தல் முடிந்து கூடிய சபையில் 168 பேரும் மக்கள் வாக்கில் வந்தவர்கள். பக்க வாசல் அடைபட்டது. பதினோரு ஆண்டு கழித்து வேறு வடிவில் திறந்தது.

முன் வாசலால் போன படிப்பாளிகள் இல்லாமலும் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த செ. சுந்தரலிங்கம் 1947-ல் வவுனியாவில் சுயேச்சையாக நின்று வென்றார். அவர் துணைவேந்தர் அல்ல என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஆள். தமக்கென்று ஒரு தொகுதி இருந்ததால் அமைச்சர் பதவியை உதறிவிட்டு வந்தும் அவரால் சபையில் இருக்க முடிந்தது.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இரண்டு வழியும் உண்டு. பொருளியல் அறிஞர் மால்கம் ஆதிசேசையா 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1978-ல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனார். அங்கே கலை, இலக்கியம், அறிவியல், சமூக சேவை என்று நான்கு துறைகளிலிருந்து 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கலாம். டெல்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த வி. கே. ஆர். வி. ராவ் 1967-ல் பெல்லாரியில் நின்று மக்களவைக்கு வென்று அமைச்சரானார். ஆனால் இந்திய நியமனத்துக்கும் இலங்கைப் பட்டியலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு. அங்கே நியமன உறுப்பினர் கட்சிக்காரராக இருக்க வேண்டியதில்லை. இங்கே அந்த ஆசனமே கட்சியுடையது. கொடுப்பது கட்சியின் செயலாளர். இந்த வேறுபாட்டில்தான் பீரிஸின் பிற்காலக் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

1994-க்குத் திரும்புவோம். பொதுஜன ஐக்கிய முன்னணிக்குக் கிடைத்த 14 பட்டியல் ஆசனங்களில் ஒன்று பீரிஸுக்கு. இன்னொன்று சட்டத்தரணி லக்ஷ்மன் கதிர்காமருக்கு. முதல் நாளிலேயே இருவரும் அமைச்சர்கள். கதிர்காமர் வெளிவிவகாரம், பீரிஸ் நீதியும் அரசியலமைப்பு விவகாரமும். 17 ஆண்டு ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்குப் பின் வந்த அரசு அது. போரை நிறுத்துவோம், ஆட்சி அதிகாரம் ஜனாதிபதியிடம் குவிந்த நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்று சொல்லி வந்தது. இரண்டுக்கும் புதிய அரசியலமைப்பு வேண்டும். அதை எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். பட்டியல் எதற்காக உருவாக்கப்பட்டதோ அதற்கே பயன்பட்ட அரிதான தருணம் என்று நான் இதைச் சொல்வேன்.

இப்போது அந்த ஒற்றை ஆசனம். தமிழர் விடுதலைக் கூட்டணி அதை நீலன் திருச்செல்வத்துக்குக் கொடுத்தது. செனட்டர் திருச்செல்வத்தின் மகன். ஹார்வர்டில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கொழும்பில் இனத்துவக் கற்கைகளுக்கான நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். ஆக, அரசுப் பக்கம் ஒரு சட்டப் பேராசிரியர், தமிழ்க் கட்சிப் பக்கம் ஒரு சட்ட அறிஞர். இருவரும் பட்டியலில் வந்தவர்கள். இருவருக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொகுதியில் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் போக வேண்டிய கட்டாயம் இல்லை. இருவரும் சேர்ந்து உழைத்ததில் உருவானதுதான் 1995 ஆகஸ்ட் 3-ஆம் தேதி வெளியான அதிகாரப் பகிர்வு யோசனை. தமிழ்ப் பத்திரிகைகள் அதைத் தீர்வுப் பொதி என்று எழுதின. எங்கள் வீடுகளில் வெறுமனே ‘பொதி’ என்றால் போதும், எல்லோருக்கும் புரியும்.

பொதிக்குள் என்ன இருந்தது? இலங்கையைப் பிராந்தியங்களின் ஒன்றியம் என்று அது வர்ணித்தது. ஒற்றையாட்சி என்ற சொல்லைக் கைவிட்டது. காணி, பொலிஸ், கல்வி என்று பிராந்திய சபைகளுக்குக் கணிசமான அதிகாரம். ஒரு சிங்களத் தலைமை அரசு அதுவரை எழுத்தில் வைத்த எதையும்விட இது தூரம் போனது என்பதைப் பொதியை வெறுத்தவர்களும் மறுக்கமாட்டார்கள். வெறுத்தவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். தெற்கில் இது நாட்டைப் பிரிக்கும் என்றார்கள். புலிகள் ஏற்கவில்லை. அதற்குள் போர் மறுபடி தொடங்கிவிட்டது.

அப்புறம் நடந்தது தேய்மானம். 1996-ல் ஒரு வரைவு, 1997-ல் ஒன்று, 2000-த்தில் ஒன்று. ஒவ்வொரு முறையும் ஒரு சொல் உதிர்ந்தது. பாராளுமன்றத் தெரிவுக்குழுவில் உட்கார்ந்து வாசகம் வாசகமாக வாதாடும் வேலையில் பீரிஸ் கெட்டிக்காரர் என்று எதிர்த்தரப்பும் ஒப்புக்கொண்டது. ஆனால் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு என்றால் 150 கைகள் வேண்டும். வாசகத்தை எவ்வளவு நேர்த்தியாக எழுதினாலும் கைகள் முளைக்காது. 1999 ஜூலை 29-ஆம் தேதி காலை, அலுவலகம் போகும் வழியில் கொழும்பு கின்சி வீதிப் பகுதியில் நீலன் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். புலிகளே செய்தார்கள் என்பது பரவலான முடிவு. 2000 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, பொதி வெளியாகிச் சரியாக ஐந்து ஆண்டு கழித்து, புதிய அரசியலமைப்பு வரைவு சபைக்கு வந்தது. ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினர்கள் அதன் பிரதிகளைச் சபைக்குள்ளேயே கொளுத்தினார்கள். வரைவு கைவிடப்பட்டது. அதே மாதம் பாராளுமன்றம் கலைந்தது.

அடுத்த ஆண்டு பீரிஸ் எந்தக் கட்சிக்குப் போனார் தெரியுமா? அதே ஐக்கிய தேசியக் கட்சிக்கு.

2001 அக்டோபரில் எஸ். பி. திசாநாயக்க உள்ளிட்ட சிலரோடு அவர் எதிர்க்கட்சி வரிசைக்குப் போனார். அரசு பெரும்பான்மையை இழந்தது. பாராளுமன்றம் கலைந்து, டிசம்பர் தேர்தலில் ரணில் விக்ரமசிங்க பிரதமரானார். பீரிஸ் இந்த முறை ஐக்கிய தேசிய முன்னணியின் பட்டியலில். மறுபடி அமைச்சர்.

இங்கே ஆரம்பநிலை வாசகருக்கு நியாயமான ஒரு சந்தேகம் வரும். ஆசனம் கட்சியுடையது என்றால், கட்சி மாறினால் ஆசனம் போக வேண்டாமா? அரசியலமைப்பின் 99(13) உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. கட்சி உறுப்புரிமை போனால் ஒரு மாதத்தில் ஆசனமும் போகும். ஆனால் உறுப்பினர் அந்த ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் போகலாம். தன்னை நீக்கியது முறைப்படி நடக்கவில்லை என்று காட்டினால் ஆசனம் நிற்கும். 1991-ல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராகக் கிளம்பிய காமினி திசாநாயக்க, லலித் அத்துலத்முதலி குழுவின் வெளியேற்றத்தை நீதிமன்றம் சரி என்றது. அவர்கள் ஆசனம் இழந்தார்கள். பிற்பாடு வந்த வழக்குகளில், விளக்கம் கேட்காமல் நீக்கினார்கள், ஒழுங்கான விசாரணை இல்லை என்ற காரணங்களால் தாவியவர்கள் தப்பினார்கள். கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் இப்படி ஓட்டை விழுந்தது. மாவட்ட எம்.பி., பட்டியல் எம்.பி. இருவருக்கும் சட்டம் ஒன்றுதான். ஆனால் மாவட்ட எம்.பி. தாவினால், ‘என் வாக்காளர் என்னோடு இருக்கிறார்கள்’ என்று ஒரு சாக்காவது சொல்லலாம். பட்டியல் எம்.பி. என்ன சொல்வார்? 2001-ல் பாராளுமன்றமே உடனடியாகக் கலைந்ததால் இந்தக் கேள்வி எழவில்லை.

அந்த ரணில் அரசில் பீரிஸுக்குக் கிடைத்த வேலை, அவர் வாழ்க்கையிலேயே பெரியது என்று நினைக்கிறேன். 2002 பெப்ரவரியில் நோர்வேயின் அனுசரணையில் போர்நிறுத்த உடன்பாடு. செப்டெம்பரில் தாய்லாந்தின் சத்தாஹிப் கடற்படைத் தளத்தில் முதல் சுற்றுப் பேச்சு. மேசையின் ஒரு பக்கம் பீரிஸ், மறுபக்கம் புலிகளின் அன்டன் பாலசிங்கம். முன்னாள் துணைவேந்தரும் லண்டனில் படித்த அரசியல் கோட்பாட்டாளரும் பத்திரிகையாளர் முன் பகிடி விட்டுக்கொண்டே பதில் சொன்ன காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த தலைமுறைக்கு அது இன்னும் கண்ணில் நிற்கும். டிசம்பரில் ஒஸ்லோவில், ஒன்றுபட்ட இலங்கைக்குள் கூட்டாட்சி அமைப்பின் அடிப்படையில் தீர்வை ஆராய இரு தரப்பும் உடன்பட்டன. 1995-ல் ஒன்றியம் என்று எழுதியவரின் முன்னால் இப்போது கூட்டாட்சி என்ற சொல்லே மேசைக்கு வந்துவிட்டது. ஆறு சுற்றுகள் நடந்தன. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். 2004-ல் ரணில் அரசும் தோற்றது.

மூன்றாவது திருப்பம் 2007 ஜனவரியில். ஐக்கிய தேசியக் கட்சியின் 18 எம்.பி.க்கள் மகிந்த ராஜபக்சவின் அரசுக்குப் போனார்கள். பீரிஸ் அவர்களில் ஒருவர். ஏற்றுமதி, சர்வதேச வர்த்தக அமைச்சு. போர் 2009 மே மாதம் முடிந்தது. 2010-ல் மகிந்தவின் கட்சிக் கூட்டணிப் பட்டியலில் மீண்டும் பாராளுமன்றம், இந்த முறை வெளிவிவகார அமைச்சர். அந்த ஆண்டு செப்டெம்பரில் ஜனாதிபதி இரு தவணைகளுக்கு மேல் போட்டியிடலாம் என்ற 18-ஆவது திருத்தம் 161 வாக்குகளோடு நிறைவேறியது. நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிக்க வந்தவர் என்று 1994-ல் அறிமுகமானவர், இப்போது அதை நீட்டித்த அமைச்சரவையில் இருந்தார். 2012-ல் ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை இலங்கை பற்றித் தீர்மானம் எடுத்தபோது, அரசின் பக்கத்தை உலகத்துக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பும் அவருடைய அமைச்சுக்கே.

தமிழ் வாசகர்கள் பலர் இந்த இடத்தில் அவரை மன்னிப்பதில்லை. எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. ஆனாலும் அதை வெறும் ஆள் குணமாக மட்டும் பார்த்தால் பட்டியலின் பாடத்தைத் தவறவிடுவோம். ஒரு மாவட்ட எம்.பி.க்குக் கட்சி கைவிட்டாலும் ஊர் இருக்கும். சுந்தரலிங்கத்துக்கு வவுனியா இருந்தது. பட்டியலில் வந்தவருக்கு அடுத்த தேர்தலில் யாராவது ஒரு கட்சிச் செயலாளர் பெயர் எழுதினால்தான் வாழ்வு. எழுதக்கூடியவர் ஆட்சியில் இருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. வாக்காளருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்ற அதே சுதந்திரம், ஒரு தலைவருக்குத் தேவைப்பட்டவராகவே எப்போதும் இருக்க வேண்டும் என்ற கட்டாயமாகவும் மாறிவிடுகிறது. பீரிஸ் சந்திரிகாவுக்குத் தேவைப்பட்டார், ரணிலுக்குத் தேவைப்பட்டார், மகிந்தவுக்கும் தேவைப்பட்டார். மூவருக்கும் தேவைப்பட்டது அதே திறமைதான். கேட்ட பக்கத்துக்காகச் செப்பமாக வாதாடுவது. ஒரு நல்ல வழக்கறிஞரிடம் அதைக் குறை என்று யாரும் சொல்வதில்லை.

2015 தேர்தலுக்குப் பிறகு அமைந்த பாராளுமன்றத்தில் அவர் இல்லை. 2016-ல் ராஜபக்சக்களின் புதிய கட்சியான ஸ்ரீலங்கா பொதுஜன பெரமுனவின் தவிசாளரானார். 2020-ல் அதன் பட்டியலில் திரும்பி வந்து கல்வி அமைச்சர், 2021 ஆகஸ்டில் மறுபடி வெளிவிவகாரம்.

பட்டியலின் கெட்ட பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். முன்கூட்டி வெளியிட்ட பட்டியலில் இருப்பவரைத்தான் நியமிக்க வேண்டும் என்பதில்லை. மாவட்டத்தில் வேட்புமனுவில் இருந்த எவரையும் நியமிக்கலாம் என்று அரசியலமைப்பே சொல்கிறது. அதாவது மக்கள் தோற்கடித்தவரை மறுவாரமே கொண்டுவரலாம். 2015-ல் இப்படித் தோற்றவர்கள் பலர் வந்ததைப் பார்த்து ஊர் சிரித்தது. இடையில் ஓர் ஆசனம் வெற்றிடமானால் கதவு இன்னும் அகலம். பட்டியலிலும் வேட்புமனுவிலும் இல்லாத கட்சிக்காரர்கூட வரலாம். பசில் ராஜபக்ச 2021 ஜூலையில் அப்படித்தான் வந்து நிதி அமைச்சரானார். பேராசிரியர்களுக்கென்று வைத்த வாசலில் பேராசிரியர்கள் நெரிசலில் நசுங்கிப் போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் மிஞ்சிய உதாரணம் ரணில். 2020 தேர்தலில் அவருடைய கட்சி ஒரு மாவட்டத்திலும் வெல்லவில்லை. நாடு முழுக்கச் சேர்த்த வாக்குக்கு ஒரே ஒரு பட்டியல் ஆசனம். அதில் 2021 ஜூனில் அவர் உட்கார்ந்தார். 2022 மே மாதம் பிரதமர். ஜூலை 20-ஆம் தேதி பாராளுமன்றம் அவரை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு 134 வாக்கு, எதிர்த்துப் போட்டியிட்ட பொதுஜன பெரமுனக்காரர் டலஸ் அழகப்பெருமவுக்கு 82. பீரிஸ் அன்று டலஸ் பக்கம் நின்றார், தாம் தவிசாளராக இருந்த கட்சியின் பெரும்பாலானோர் ரணிலுக்கு வாக்களித்தபோது. அடுத்த மாதம் அவரும் வேறு சிலரும் சபையில் சுயாதீனமாக உட்கார்ந்தார்கள். நான்காவது திருப்பம். இந்த முறை மட்டும் அமைச்சுப் பதவியைத் தேடி அல்ல, அதை விட்டுவிட்டு.

அதே 2020 பாராளுமன்றத்தில் தேசிய மக்கள் சக்திக்கு மூன்றே ஆசனங்கள். இரண்டு மாவட்டம், ஒன்று பட்டியல். பட்டியல் ஆசனத்தில் வந்தவர் திறந்த பல்கலைக்கழகத்தில் சமூகவியல், மானிடவியல் கற்பித்த ஹரினி அமரசூரிய. துணைவேந்தர் அல்ல, சிரேஷ்ட விரிவுரையாளர். 2024 செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானதும் அவரைப் பிரதமராக்கினார். அன்றைக்கும் அவர் பட்டியல் எம்.பி.தான். நவம்பர் பொதுத் தேர்தல் வந்தது. அவருடைய கட்சிக்குப் பட்டியலில் மட்டும் 18 இடங்கள் கிடைக்கப்போகின்றன. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் கொழும்பு மாவட்டத்தில் வேட்புமனுப் போட்டார்.

மறுநாள் பத்திரிகையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் இருந்தது: 655,289. இலங்கையில் அதற்கு முந்திய எந்தத் தேர்தலிலும் ஒருவர் வாங்கியிராத அளவு விருப்பு வாக்கு.